கனுப் பிடியும் போரிவலிக் குரங்குகளும்

1946 மார்ச் மாதத்தில் ஓர் ஏகாதசியன்று நான் பம்பாயை விட்டு மோம்பாசாவுக்குக் கப்பலேறினேன். வழியனுப்ப எங்கள் பேட்டையான மாட்டுங்காவில் பாதி பல்லார்ட் பியர் துறைமுகத்துக்கு வந்திருந்தது. விசாலாக்ஷி மட்டும் வரவில்லை. அந்த நேரத்தில் அவள் ஊருக்கு வடக்கே போரிவலிக் காட்டுப் பள்ளத்தாக்கில் ஒன்பது பெண்களைக் கூட்டிக்கொண்டு ஒரு குரங்குக் கூட்டத்துக்கு எதிரே வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தாள். எனக்கு அதில் வருத்தமில்லை. அந்தக் குரங்குகளைச் சுடுவதா, விடுவதா என்பது அவள் அங்கே உட்கார்வதில்தான் இருந்தது.

விசாலாக்ஷிக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. ஃபோர்ட் பகுதியில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஸ்டெனோ. கண்ணை மரத்தின் மேல் வைத்துக்கொண்டு, நோட்டைப் பார்க்காமலே சுருக்கெழுத்தில் பறவைக் குறிப்பு எழுதுவாள். அவள் கணவர் சங்கரன், "இதுல என்னைப் பத்தித் திட்டி எழுதியிருந்தாக்கூட எனக்குத் தெரியாது" என்பார்.

பள்ளத்தாக்கை அவள் தற்செயலாகக் கண்டுபிடித்தாள். கான்ஹேரி குகைகளைப் பார்க்கப் போனவள் வழி தவறி ஓடைக்கரையில் இறங்கிவிட்டாள். அங்கே நீள வெள்ளை வாலோடு ஒரு பறவை தண்ணீரில் முங்கி எழுந்து கிளைக்குப் போவதைப் பார்த்துவிட்டு வந்து மாதர் சங்கத்தில் சொன்னாள். "நாங்களும் வரோம்டி" என்று கிளம்பினார்கள். தேசியப் பூங்கா என்று ஒதுக்கிய இடம் என்பதால் உள்பகுதிக்குப் போக அனுமதி வேண்டும். அவளே ஆபீஸ் மிஷினில் மனு அடித்து, மாதம் ஒரு நாள் என்று வாங்கி வந்தாள். அப்படித்தான் மாட்டுங்காவில் காட்டு வகுப்பு ஆரம்பித்தது.

வகுப்பில் பாடப் புத்தகம் இல்லை. பத்து நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு எத்தனை குரல் கேட்கிறது என்று சொல்ல வேண்டும். சொர்ணம்மாள் மாமி முதல் நாள், "ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறது. அகிலாண்டம் மூச்சு விடறா" என்றாள். ஆறு மாதத்தில் அதே மாமி ஏழு பறவைகளைக் குரலை வைத்தே சொன்னாள். மடிசாரைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாறை ஏறுவதிலும் அவளைப் பிடிக்க முடியாது.

தப்பு நடந்தது அந்த வருஷத்துக் கனுவன்று. பொங்கலுக்கு மறுநாள் அண்ணன் தம்பிகள் நன்றாக இருக்க வேண்டும் என்று பெண்கள் மஞ்சள் இலையில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று சோற்றைப் பிடிபிடியாக வைத்துக் காக்கைக்கும் குருவிக்கும் படைப்பார்கள். மாட்டுங்காவில் மொட்டை மாடியில்தான் வைப்போம். அன்றைக்கு வகுப்பு நாளும் சேர்ந்து வந்தது. ஓடைக்கரையிலேயே வைத்தால் விதவிதமான பறவை வருமே, உட்கார்ந்து பார்க்கலாமே என்று விசாலாக்ஷிதான் யோசனை சொன்னாள். ரேஷன் அரிசியில் மிச்சம் பிடித்துப் பதினொரு பேரும் வரிசையாக வைத்தோம். காக்கை ஒன்றுகூட வரவில்லை. இருபது குரங்குகள் இறங்கின. பிடிகளைத் தின்றன, பிறகு தூக்குகளைத் திறந்து புளியோதரையையும் தேங்காய்ச் சாதத்தையும் ஒருகை பார்த்தன.

அன்று மாலை சங்கரன் சிரித்த சிரிப்பு எதிர் வீட்டுக்குக் கேட்டது. "பொறந்தாத்து மனுஷாளுக்குன்னுதானே வெச்சே? அவாளே நேரா வந்து சாப்பிட்டுட்டுப் போயிட்டா. இன்னும் என்ன வேணும்?"

நாங்களும் சிரித்தோம். பதினைந்து நாள் கழித்துப் பூங்காக் காவலர் ராகோபா சொன்ன செய்தியில் சிரிப்பு நின்றது. அந்தக் கூட்டம் குகைக்குப் போகிறவர்களின் பையைப் பிடுங்க ஆரம்பித்திருந்தது. இழுத்த இழுப்பில் ஓர் அம்மாள் விழுந்து கை ஒடிந்துவிட்டது. மே மாதக் கடைசிக்குள் பிடுங்கல் நிற்காவிட்டால் கூட்டத்தையே சுட்டுவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு.

ராகோபா மராத்தியில் கேட்டதை விசாலாக்ஷி எங்களுக்குத் தமிழில் சொன்னாள்: "நீங்க ஒரு நாள் போட்டுட்டுப் போயிட்டேள். அது தினம் பசியோட காத்துண்டிருக்கு. இனிமே யாரு போடுவா?"

அன்றிரவே அவள் அதிகாரிக்குக் கடிதம் அடித்தாள். தப்பு குரங்குகளுடையது அல்ல, என் வகுப்பினுடையது. மே முடிவதற்குள் மறக்க வைக்கிறேன். முடியாவிட்டால் என் அனுமதியையும் ரத்து செய்யலாம் என்று எழுதினாள். குகைக்குப் போகிறவர்களின் சாப்பாட்டு மூட்டைகளைப் பூங்கா வாசலிலேயே வாங்கி வைக்க ராகோபா ஒப்புக்கொண்டார். உள்ளே ஆட்களைப் பார்த்தால் சோறு என்ற எண்ணம் போக வேண்டுமே. அதற்கு யாராவது வெறுங்கையோடு போய், கேட்டாலும் கொடுக்காமல் உட்கார வேண்டும்.

"காலம்பற ஆறுக்குக் கிளம்பி ரெண்டு மணி வரைக்கும் ஒண்ணும் திங்காமலா?" என்று அகிலாண்டம் முனகினாள்.

"ஏகாதசியா வெச்சுக்கோங்கோடி" என்றாள் சொர்ணம்மாள் மாமி. "எப்படியும் பட்டினிதான். ஆத்துல அடுப்பு முன்னாடி பட்டினி, அங்கே குரங்கு முன்னாடி பட்டினி. அங்கே காத்தாவது வரும்."

அப்படி ஏகாதசிதோறும் போனார்கள். இடையில் வரும் ஞாயிறுகளில் இரண்டிரண்டு பேராக முறை வைத்துக்கொண்டார்கள். முதல் ஏகாதசிக்கு நானும் போனேன். நேராகக் கண்ணைப் பார்க்கக்கூடாது, பல் தெரியக்கூடாது, கையை மூடி வைக்கக்கூடாது என்று விசாலாக்ஷி சொல்லியிருந்தாள். பெரிய ஆண் குரங்கு ஒன்று, இடது காது கிழிந்தது, எங்கள் விரித்த கைகளை ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டே வந்தது. மாமியின் இடுப்புச் செருகலை மட்டும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தது.

"விசாலம், இது என் வெத்தலைப் பையத் தேடறதுடி!"

"பேசாம உக்காருங்கோ மாமி. பல் தெரியறது."

"எனக்கு எங்கேடி பல்லு?"

மற்றப் பத்துப் பேரும் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தோம். குரங்கு ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு மரத்துக்குப் போனது. எந்தக் குரங்கு எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு கிட்டே வந்தது, எப்போது சலித்துப் போனது என்று விசாலாக்ஷியின் பென்சில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வாராவாரம் அது ஆபீஸ் மிஷினில் மூன்று பிரதியாகி ஒன்று அதிகாரிக்குப் போயிற்று. நான் கப்பலேறும்போது கிழிந்த காதுக்காரன் பத்தடி தூரத்தில் நிற்கப் பழகியிருந்தான். மற்றவை இன்னும் கையை முகர்ந்துகொண்டிருந்தன. இரண்டரை மாதம் பாக்கி இருந்தது.

அதன் பிறகு எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் ஓரிடத்தில் தங்கவில்லை. அவளுடைய கார்டு மோம்பாசாவிலிருந்து ஸான்ஸிபாருக்கும், அங்கிருந்து தார் எஸ் ஸலாமுக்கும் என்னைத் துரத்திக்கொண்டு வந்து, அடுத்த வருஷம் ஆகஸ்டில் கையில் கிடைத்தது. முன்பக்கத்தில் மூன்று ஊர் முத்திரை. பின்பக்கத்தில் இவ்வளவுதான்:

"ஜூன் 2. சௌக்கியம். உத்தரவு ரத்து. ஏப்ரல் பாதிக்கு மேல் யார் பையும் பறிபோகவில்லை. நேற்று சொர்ணம்மாள் மாமி அவற்றுக்கு எதிரே ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். காது கிழிந்தவன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மாமிக்குத் தாங்கவில்லை, வண்டியில் வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். எங்களைச் சுத்தமாக மறந்துவிட்டன. அடுத்த மாதம் வகுப்பு உண்டு."