முன்மொழிய ஒருவர்

மேரு என்ற சிற்றூரில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில், ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குத் தலைமைத்துவப் பயிற்சி வகுப்பு நடத்தித் தருமாறு பெற்றோர் ஆசிரியர் சங்கம் என்னைக் கேட்டுக்கொண்டது. ஆறாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளி சென்றவன் அல்லன். எனினும், தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் தொழிற்சங்கக் கூட்டங்களில் நெடுங்காலம் அமர்ந்து, கூட்டம் நடத்தும் முறைகளைக் கேட்டும் படித்தும் அறிந்திருந்தேன். பொறுப்பாசிரியையோடு கலந்து பேசி, அம்முறைகளைக் கொண்டே பாடத்தைத் திட்டமிட்டேன்.

முதல் சனிக்கிழமை, வகுப்புத் தலைவர் தேர்தல். ஒருவர் முன்மொழிய வேண்டும், மற்றொருவர் வழிமொழிய வேண்டும்; தன் பெயரைத் தானே முன்மொழிதல் ஆகாது என்று விளக்கினேன். உடனே பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரின் மகனை ஒருவன் முன்மொழிந்தான். வழிமொழியப் பலர் எழுந்தனர். வேறு பெயர் உண்டா என்று வழக்கப்படி கேட்டுவிட்டு, போட்டியின்றித் தேர்வு என அறிவிக்க முற்பட்டேன். அப்போது கடைசி வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள். காஜாங்கிலிருந்து அம்மாதந்தான் மாறி வந்தவள்.

“அங்கிள், நானும் நிக்கணும். ஆனா என் பேர இங்க யாரும் சொல்ல மாட்டாங்க. யாருக்கும் என்னைத் தெரியாது. அப்ப நான் நிக்கவே முடியாதா?”

விதி அதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆசிரியை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவரின் மகன் எழுந்து நின்றான். “நான் முன்மொழியறேன் அங்கிள். போட்டி இல்லாம ஜெயிச்சா, அப்பா மாதிரியேன்னு இவனுங்க வருஷம் பூரா கிண்டல் பண்ணுவானுங்க லா.”

வகுப்பே சிரித்தது. வழிமொழிய எவரும் எழாததால் ஆசிரியையே வழிமொழிந்தார். வாக்குரிமை இல்லாதவர் வழிமொழிதலும் விதிக்குப் புறம்பானதே; நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை.

வாக்குச்சீட்டுகளை எண்ணினோம். அவனே வென்றான். தோற்றவர் மனம் நோகாதிருக்க, அவர் பெற்ற வாக்குகளைப் படிக்காமல் விடுவது எங்கள் கூட்டங்களின் நாகரிகம். ஆகவே வென்றவன் பெயரை மட்டும் வாசித்தேன். கைதட்டல் ஓய்ந்ததும் அச்சிறுமி மேசையருகே வந்து, தனக்கு எத்தனை என்று கேட்டாள். தயங்கி, நான்கு என்றேன்.

“அதுல ஒன்னு நான் போட்டது,” என்றாள்.

பின்னர் வகுப்பை நோக்கித் திரும்பி, மற்ற மூவர் யாராயிருக்கும் என்று ஒவ்வொரு முகமாகப் பார்க்கத் தொடங்கினாள்.