பேனாவா, உள்ளங்கையா

எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு 'உள்ளங்கை அக்கா' என்று பெயர். வைத்தவள் நான்தான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை, எனக்கும் வெட்கமில்லை.

தொடுதிரையில் எழுதுகிறவர்கள் பேனாவை மட்டுமா வைக்கிறார்கள்? கையையும் சேர்த்துத்தான் ஊன்றுகிறார்கள். பேனா பட்டது எழுத்தாக வேண்டும், கை பட்டது காணாமல் போக வேண்டும். எது எது என்று, தலைகீழாக நின்றாலும் இயந்திரத்துக்குத் தானாகத் தெரியாது, யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்த யாராவதுதான் நாங்கள். முன்பின் தெரியாதவர்கள் எழுதியதெல்லாம் எங்கள் திரையில் புள்ளி புள்ளியாக வரும். ஒவ்வொன்றுக்கும் 'பேனா' அல்லது 'உள்ளங்கை' என்று குறிக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டாயிரம்.

அக்கா எட்டு வருடம் இதைச் செய்தாள். நான் ஒரு புள்ளியைப் பார்த்துத் திருதிருவென்று முழிப்பதற்குள் அவள் பத்து முடித்திருப்பாள்.

"சந்தேகமா இருந்தா உள்ளங்கைன்னு போட்டுட்டுப் போய்க்கிட்டே இரு. ஒரு கோடு விட்டுப்போனா திரும்ப எழுதிக்குவாங்க. கை பட்ட கறை விழுந்தாதான் நம்மளத் திட்டுவாங்க" என்பாள். நாங்கள் எல்லோரும் அப்படியே செய்தோம்.

அவளுக்குக் கலியாணம் ஆகவில்லை. பெற்றோர் போனபின் படிக்க வைத்தது அண்ணன். அவர் வீட்டு மாடி அறையில்தான் இருந்தாள். அண்ணன் பஸ் கண்டக்டர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு அவரைத்தான் காட்டலாம். அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. அறுத்தார்கள், கட்டியோடு குரலும் போயிற்று. நாலே மாதத்தில் கட்டி மட்டும் திரும்பி வந்தது. மறுபடி அறுக்கலாம், உத்தரவாதம் இல்லை, அவர் சம்மதம் வேண்டும் என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரியில் பதிலை எழுதிக் காட்டப் பென்சில் கொடுத்தார்கள், அதை அழுத்த அண்ணன் கையில் வலுவில்லை. தாளில் கீறல்கூட விழவில்லை. தொட்டாலே கோடு விழுமே என்று அக்கா ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்தாள். நாங்கள் சொல்லிக்கொடுத்த மென்பொருள்தான் அதிலும். கை முழுவதும் கண்ணாடியில் சாய்ந்து கிடக்க, பேனா அதை ஒட்டியே நடுங்கி நடுங்கி நகர்ந்தது. எழுத எழுத அழிந்துபோனது.

"அவருக்கு நினைவு சரியா இல்லம்மா, சும்மா கிறுக்குறாரு. ஆபரேஷனுக்கு நானே கையெழுத்துப் போட்டுடறேன்" என்றாள் அண்ணி.

அக்கா எனக்கு ஃபோன் செய்தாள். "ஆபீஸ்ல இருக்கிற சோதனை டேப்லெட்ட எடுத்துக்கிட்டு உடனே வா." இயந்திரம் தள்ளிவிட்ட தொடுகைகளும் அதில் சாம்பல் நிறத்தில் தெரியும். வெளியே எடுத்துப்போகக் கூடாது. எடுத்துப்போனேன்.

"இன்னொரு தடவ எழுதுண்ணா" என்று அக்கா அவர் மடியில் வைத்தாள். வெகுநேரம் எழுதினார். எனக்கு அது சேறு மிதித்த தரையாகத்தான் தெரிந்தது. அக்கா குனிந்து பார்த்தாள். அவள் முகம் செத்துப்போயிற்று.

"இந்த மாதிரி நடுங்குறது, கையை ஒட்டி ஊர்றது... எல்லாத்தையும் உள்ளங்கைன்னு போட்டது நான்தான். எத்தன பேரோடதோ" என்றாள் என்னிடம், மெதுவாக.

"என்னதான் எழுதியிருக்காரு?" என்றாள் அண்ணி.

அந்த அறுவை சிகிச்சை நடக்க வேண்டும் என்று அண்ணியைவிட அதிகமாகத் தவித்தவள் அக்காதான். லீவு போட்டு டாக்டர் டாக்டராக அலைந்தவள். அதைப் படிக்கத் தெரிந்த கண் அந்த அறையில் அவளுடையது மட்டும். ஒன்றுமில்லை, வெறும் கை பட்ட தடம் என்று சொல்லியிருந்தால் மறுபேச்சு இருந்திருக்காது. நானாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா விரலை வைத்து, எழுத்து எழுத்தாகக் காட்டிப் படித்தாள். "போதும். இனி அறுக்க வேண்டாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"நல்லாப் பாத்துச் சொல்லு" என்றாள் அண்ணி, குரல் உடைந்து. "வேற ஏதாவது இருக்கும்."

"இல்லண்ணி. அண்ணன் எழுதினதுதான். தெளிவா இருக்கு."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா அந்த டேப்லெட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, டாக்டரிடம் காட்டப் போனாள்.