பச்சை டிக் போட்ட கல்

எனக்கு முன்பே என் வீட்டுக்குத் தொந்தி விழுந்துவிட்டது. தக்கலைக்குப் பக்கத்தில், பாசனச் சானலை நோக்கிச் சரியும் நிலத்தில் கட்டிய வீடு. முன்பக்கம் அஸ்திவாரம் முழங்கால் உயரம்தான். பின்பக்கம் ஆள் உயரத்துக்குக் கருங்கல் கட்டி, உள்ளே மண் நிரப்பி, அதன்மேல் படுக்கையறை. அந்தக் கல்கட்டுதான் இரண்டு மழைக்காலத்தில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது. மேலே அறைச் சுவரில் விரிசல். நான் அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டினேன். விரிசல் காலண்டரைத் தாண்டியது. பெரிய காலண்டர் வாங்கி வந்தேன்.

"இதவிட நீளத்துல காலண்டர் கெடைக்காது," என்றாள் மனைவி. "கொத்தனார விளிக்கியளா, இல்ல நான் பிள்ளையளக் கூட்டீட்டு எங்க வீட்டுக்குப் போவட்டா?"

கொத்தனார் வந்தார். மேல்சுவருக்கு ஜாக்கி முட்டுக்கொடுத்துவிட்டு, புடைத்த இடத்தில் நாலைந்து கல்லை உருவினார். உள்ளே விட்ட கை முழங்கை வரை போனது. வெளியே வந்தபோது கையில் செம்மண்ணும் மக்கிப்போன தேங்காய் மட்டையும் இருந்தன.

"சாரே, வெளிய ஒரு வரிசை, உள்ள ஒரு வரிசை, நடுவுல வெறும் மண்ணு. ரெண்டையும் சேத்துப் பிடிக்கியதுக்குக் குறுக்க நீளக்கல்லு வெச்சிருக்கணும். ஒண்ணுகூட இல்ல. தண்ணி போவ ஒரு ஓட்டையும் இல்ல. யாரு நின்னு பாத்தது?"

பார்த்தது என் நண்பன். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. நான் கல்ஃபில் ஒரு ஸ்டோரில் சரக்கு எண்ணிக்கொண்டிருந்தபோது, தினமும் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பி இந்த வீட்டை எழுப்பியவன்.

"பணிக்காரனுவ அவனையும் ஏமாத்தியிருக்கானுவ," என்றேன். கொத்தனார் பீடி பற்றவைத்தார்.

நீளக்கல் இல்லை என்பதைத்தான் நம்ப முடியவில்லை. அவை வந்து இறங்கிய அன்று நான் லீவில் ஊரில் இருந்தேன். ஸ்டோர்காரன் புத்தி சும்மா இருக்குமா? சைக்கிளுக்கு அடித்து மிஞ்சிய பச்சை பெயின்டை எடுத்து, ஒவ்வொரு கல்லிலும் டிக் போட்டேன். "கல்லுக்குப் பரீச்சையா சாரே?" என்று லாரிக்காரர் சிரித்தார். எல்லாம் பாஸ் என்றேன்.

நேரே நண்பன் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் மாமரத்தடியில் ஒரு கல்பெஞ்சு உண்டு. ஒவ்வொரு லீவிலும் அதில் உட்கார்ந்துதான் கட்டஞ்சாயா குடிப்பேன். நல்ல கல்லு மக்கா, எங்க பிடிச்ச என்று எத்தனை தடவை பாராட்டியிருக்கிறேன்!

விஷயத்தைக் கேட்டு அவன் என்னைவிடக் கொதித்தான். "அந்தக் கள்ளப் பயலுவள நான் விடமாட்டேன். ஒனக்க வீடும் எனக்க வீடும் வேற வேறயா?"

என் கையிலிருந்த ஏத்தங்காய் சிப்ஸ் கீழே விழுந்தது. குனிந்தேன். பெஞ்சின் அடியில், மழை படாத இடத்தில், பச்சையில் ஒரு டிக். பக்கத்துக் கல்லிலும் ஒன்று. நிமிர்ந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அப்படியே இருந்தேன்.

"என்ன மக்கா தேடுக?"

"எனக்க கையெழுத்த."

அவனும் குனிந்து பார்த்தான். முகம் மாறும் என்று காத்திருந்தேன். மாறவில்லை.

"ஓ, அதா? மண்ணுக்குள்ள போற கல்ல யாருலே பாக்கப் போறா? இஞ்ச கெடந்தா நீ வரும்போ இருந்து சாயா குடிக்கலாம்லா?"

நான் சிரித்துவிட்டேன். அவன் எது சொன்னாலும் சிரித்துப் பழகிய வாய். வீடு வந்து சேர்வதற்குள் நெஞ்சு எரிந்தது.

"சிரிச்சிட்டா வந்திய?" என்றாள் மனைவி. மறுநாள் காலையில் இரண்டு ஆட்களோடு டெம்போவில் அவளே போனாள். பெஞ்சு, அவன் கிணற்றடியில் படியாகப் போட்டிருந்த மிச்சக் கல், எல்லாம் வந்து இறங்கின. நண்பனும் ஒரு கை பிடித்து ஏற்றிவிட்டானாம்.

கொத்தனார் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, தண்ணீர் போக ஓட்டை விட்டு, நீளக்கல்லைக் குறுக்கே வைத்துக் கட்டினார். "டிக் உள்ள வரணுமா, வெளிய வரணுமா?" என்றார். வெளியே என்றேன்.

வேலை முடிந்ததும் நண்பனிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது: 'போட்டோ அனுப்பு மக்கா.' அதற்கு ஒரு நல்ல கேலியாக எழுதிவிட வேண்டும் என்று தினமும் போனை எடுக்கிறேன். எனக்குக் கேலி வரமாட்டேன் என்கிறது.