உண்டு இல்லை அக்கா

கையில் ஒரு டிபன் கேரியர். அதற்குள் சோறும் இல்லை, குழம்பும் இல்லை, வெறும் காலி. ஆஸ்பத்திரிக் கூடத்து அறிவிப்புப் பலகைக்கு முன்னால் யாராவது நின்றால் போதும், அக்கா போய் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்வார். நோயாளிக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர் போல ஒரு முகம். கண் எங்கோ இருக்கும், காது மட்டும் முன்னால் நிற்பவர் வாயில் இருக்கும். படிக்கிறவர் எந்த வார்த்தையில் தடுக்குகிறார், எந்த வரியை மறுபடி படிக்கிறார், எங்கே பக்கத்து ஆளிடம் "என்னய்யா சொல்ல வரான் இவன்?" என்று கேட்கிறார், அதுதான் அக்காவுக்கு வேண்டியது. கேட்டதும் தூண் ஓரம் ஒதுங்கி, மடித்து வைத்த அறிவிப்பு நகலைப் பிரித்து, தடுக்கிய வார்த்தைக்கு அடியில் பென்சிலால் ஒரு புள்ளி. பென்சில் திரும்பவும் காதுமேல் ஏறிவிடும்.

பலகையில் இருப்பதை எழுதியவரே அவர்தான். மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனியில் அறிவிப்பு எழுதும் உத்தியோகம். எந்த வைத்தியத்துக்குக் கம்பெனி பணம் தரும், எதற்குத் தராது, பில்லை ஆஸ்பத்திரியே அனுப்புமா, நாம் கட்டிவிட்டு அப்புறம் வாங்கிக்கொள்ள வேண்டுமா என்று விதி மாறும்போதெல்லாம் ஜனங்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஆபீஸில் அவருக்கு 'உண்டு இல்லை அக்கா' என்று பெயர். அறிவிப்பு எதுவானாலும் முதல் வரியிலேயே உண்டு அல்லது இல்லை என்று வந்துவிட வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அந்த முதல் வரியில் எவனாவது கை வைத்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவதும் உண்டு. பெயர் இரண்டு வகையிலும் பொருத்தம்தான்.

பிடிவாதம் சும்மா வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் "ஒரு நாள் முழுவதும் உள்நோயாளியாகத் தங்கியிருந்தால் மட்டுமே காப்பீடு பொருந்தும்" என்று எழுதி ஒட்டினார். தோளில் இருந்த கட்டியை அறுத்துக்கொண்ட லாரி டிரைவர் ஒருவரை மத்தியானமே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அவர் தலையணையைக் கட்டிக்கொண்டு கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்றுவிட்டார்.

"ஒரு நாள் பூரா படுக்கணும்னு வெளிய ஒட்டிருக்கு. நான் எந்திரிச்சா பணம் போச்சு. யாரு தருவா, நீங்களா?"

நர்ஸ் கெஞ்சினார், டாக்டர் மிரட்டினார். ஆள் அசையவில்லை. கடைசியில் எழுதியவரையே கூட்டிவந்து நிறுத்தினார்கள்.

"சின்ன ஆபரேஷனுக்கு அந்த விதி கிடையாதுங்க. உங்களுக்கு உண்டு. அத எழுதாம விட்டது நான்தான்."

"ஏம்மா, அவ்ளோ பெரிய தாளுல இதுக்கு மட்டும் எடமில்லயா?" என்றபடி இறங்கினார் டிரைவர். அன்றைக்கு வாங்கியதுதான் அந்த டிபன் கேரியர்.

அப்போதெல்லாம் கூடத்தின் களையே வேறு. பலகைக்குக் கண்ணாடிக் கதவு உண்டு, பூட்டு உண்டு, சாவி அக்காவின் கைப்பையில். பசை டப்பாவும் ஈரம் காயாத மை வாசனையுமாக அவர் வந்து நின்றாலே கூட்டம் சேர்ந்துவிடும். எழுத்துக் கூட்டிப் படிப்பவர் ஒருவர், கேட்பவர்கள் கூடம் முழுக்க. ஒருவர் படிக்க, இன்னொருவர் விளக்கம் சொல்ல, "அதெல்லாம் சும்மாய்யா, எங்க சித்தப்பாவுக்குக் குடுத்தானே" என்று மூன்றாமவர் சண்டைக்கு வர, கட்டுப்போட்ட காலோடு இருப்பவர்கூட நொண்டிக்கொண்டு வந்து ஞாயம் பேசுவார். அன்றிருந்த பழைய மேலாளர் புள்ளி வைத்த நகலைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார். "இன்னிக்கு எங்கெங்க தடுக்கி விழுந்தாங்க?" என்பார். புள்ளி விழுந்த வார்த்தை அடுத்த தாளில் இருக்காது. அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதும் இருந்ததில்லை.

இப்போது எல்லாம் போனுக்குப் போகிறது. அவரவர் தனியாகக் குனிந்து பார்க்கிறார்கள், தனியாகப் புரியாமல் முழிக்கிறார்கள், போனைப் பைக்குள் போட்டுக்கொள்கிறார்கள். கூடத்துப் பலகைக்கு முன்னால் ஈ காக்கை இல்லை. பூட்டுத் துருப்பிடித்துவிட்டது. சில நாள் அக்கா மட்டும் காலிக் கேரியரோடு போய், தான் எழுதியதைத் தானே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வருவார்.

மிச்சமிருக்கும் ஒரே காது அண்ணனுடையது. கூடப்பிறந்தவர். ஆயுசு முழுக்க வெல்டிங் பட்டறையில் வெந்தவர். தின்ற புகையெல்லாம் நெஞ்சில் தங்கிவிட, இப்போது வீட்டில் மூச்சுக் கருவியோடு உட்கார்ந்திருக்கிறார். மூக்கில் குழாய், வாயில் நக்கல். மத்தியானச் சாப்பாடு ஆனதும் அக்கா ஆபீஸ் மாடிப்படித் திருப்பத்தில் நின்றுகொண்டு, புது அறிவிப்பை அவருக்குப் போனில் படிப்பார். அந்தப் பக்கம் கருவி உஸ், டக் என்று தாளம் போடும்.

"இது யாருக்கும்மா எழுதின, ஜட்ஜுக்கா? உங்க கம்பெனி குடுக்குமா குடுக்காதா? அத சொல்லிட்டு அப்புறம் பாட்டுப் பாடு."

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்பார் அக்கா. சொல்லிக்கொண்டே புள்ளி வைப்பார்.

அந்தக் கருவிக்கு வாடகை கட்டுவது அக்காவின் கம்பெனிதான். வேண்டாம் வேண்டாம் என்ற அண்ணனை இழுத்துவந்து காப்பீட்டில் சேர்த்துவிட்டவர் அவர். "வீட்டில் வைத்திருக்கும் மூச்சுக் கருவிக்கும் உண்டு" என்ற பழைய வரியும் அவர் எழுதியதுதான். அண்ணன் வாயால் "நல்லாருக்கு, போடு" என்று வாங்கியது அந்த ஒரு வரிக்குத்தான்.

போன வாரம் ஒரு வாசகம் மேலிருந்து தயாராகவே வந்தது. கொண்டுவந்து கொடுத்த புது மேலாளர் கெட்டவர் இல்லை. திட்டு வாங்குவதென்றால் அவருக்குப் பயம், அவ்வளவுதான்.

"அக்கா, கொஞ்சம் கசப்பான விஷயம். அதான் நாசூக்கா எழுதியாச்சு. பிழை மட்டும் பாத்துக் குடுங்க."

அக்கா படித்தார். "இதுல 'இல்லை' எங்க இருக்கு?"

"அதான் நாசூக்கு."

"அப்ப மெஷின் வச்சிருக்கறவங்களுக்கு எப்பத் தெரியும்? பில்லு வரும்போதா?"

அவர் கழுத்தைச் சொறிந்தார். "சரி, உங்க பாணியில ஒண்ணு எழுதி எடுத்துட்டு வாங்க. மேல பேசிப் பாக்கறேன். ஆனா இன்னிக்கே போயாகணும்."

அன்றைக்கு மட்டும் அண்ணனைக் கூப்பிடாமல் விட்டிருக்கலாம். மாடிப்படித் திருப்பத்தில் வெகுநேரம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் அண்ணன் காதில் போடாமல் ஒரு வரிகூட வெளியே போனதில்லை. கூப்பிட்டு, மேலிருந்து வந்ததை அப்படியே படித்தார்.

"வாடிக்கையாளர் நலனை மேலும் மேம்படுத்தும் வகையில், இல்லம் சார்ந்த சுவாச ஆதரவுப் பயன்கள் அடுத்த மாதம் முதல் மறுசீரமைக்கப்படுகின்றன."

உஸ், டக்.

"இன்னொரு தடவ படி."

படித்தார்.

"வார்த்தையெல்லாம் பெருசா இருக்கு. ஆனா நல்ல சேதிதான் போல. மேம்படுத்தறாங்கன்னா, மெஷின மாத்தித் தரப் போறாங்களா?" அண்ணன் குரலில் நக்கல் காணோம். "இது பழசாயிடுச்சும்மா, லாரி மாதிரி உறுமுது. புதுசு குடுத்தா புண்ணியமாப் போவும்."

அக்கா படியில் உட்கார்ந்துகொண்டார். தாளைத் திருப்பினார். காதிலிருந்து பென்சிலை எடுத்து, முழங்காலில் தாளை வைத்து, வெள்ளைப் பக்கத்தில் எழுதினார்.

"இரு. அது சரியில்ல. வேற படிக்கறேன், கேளு." "வீட்டில் வைத்திருக்கும் மூச்சுக் கருவிக்கு அடுத்த மாதம் முதல் பணம்..." அங்கே தடுக்கியது. "பணம் இல்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் மட்டும் உண்டு."



"அப்ப எனக்கு?"

"உனக்கும் இல்லண்ணே."

"ம். இது புரியுது" என்றார். "மாசம் பொறக்க இன்னும் நாள் இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப பையன்கிட்ட சொல்லி எதாவது வழி பாக்கலாம். என்ன மாதிரி மூக்குல குழாயோட எத்தன பேரு கெடக்கறானோ, அவனவனும் பாக்கட்டும். மொதல்ல படிச்சியே, அத அனுப்பிருந்தா ஒவ்வொருத்தனும் புது மெஷின் வருதுன்னு வாசலப் பாத்துட்டே உக்காந்திருப்பான்." மூச்சு வாங்கியது. "எங்க, திரும்பப் படி. 'இல்லை'கிட்ட நின்ன பாரு, அங்க நிக்காத. எழுதினவளே நின்னா, படிக்கறவன் என்ன பண்ணுவான்?"

அக்கா திரும்பப் படித்தார். மறுபடியும் அதே இடத்தில் குரல் நின்றது.

பழக்கதோஷத்தில் பென்சில் தானாக நகர்ந்து 'இல்லை'க்கு அடியில் வந்து நின்றது. முனை தாளில் படவில்லை. அக்கா புள்ளி வைக்காமல் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, போனை வைக்காமலே, தாளோடு மேலாளர் அறைக்குப் படியேறினார்.