பாண்டுரங்கன் மாலை போடும் கொடி

திருவிழாக் கொடிக்கு இஸ்திரி போடுவது அமலோற்பவமேரியின் வேலை. தைப்பதும் அவள்தான். திண்டிவனத்தில் அவர்கள் தெருக் கோயிலில் இருபத்திரண்டு வருஷமாக அவள் தைத்த கொடிதான் ஏறுகிறது. கோட்டக்குப்பம் ஹமீத் கடை சாட்டின் துணி. நடுவில் அந்தோணியார், சுற்றிலும் ஜரிகை. ஓரம் கோணினால் தெருவே சொல்லிக் காட்டும் என்பதால் கொடியேற்ற நாளில் மட்டும் அவள் சமைப்பதில்லை; வீட்டுக்குச் சாம்பார் கடையிலிருந்து வரும்.

ஒன்பது வருஷம் கழித்து டெக்சாஸிலிருந்து வந்திருந்த தம்பி சகாய பிரவீனுடைய உபயம் இந்த வருஷக் கொடி. ஐந்து மணிக்கு ஊர்வலம். மூன்று மணிக்கு அவன் ஒரு துணிப்பட்டையை நீட்டினான். ‘இந்தத் தேசம் கிறிஸ்துவுக்கே’ என்று எழுதியிருந்தது.

“இத கீழ வெச்சு தெச்சிடுக்கா. ஜல்தியா.”

“இன்னாடா இது, எலெக்சன் பேனரா?”

அவன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். அமெரிக்காவில் ஏதோ சட்டசபை வாசலில் பெருங்கூட்டம். சிலுவையையும் தேசியக்கொடியையும் ஒரே கம்பில் கட்டியிருந்தார்கள். சிலர் ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டிருந்தார்கள். இது கர்த்தர் நம் முன்னோருக்குக் கொடுத்த மண், ஒத்துக்கொள்ளாதவன் வெளியே போகட்டும் என்று மைக்கில் ஒருவர் முழங்கினாராம். பிரவீன் தமிழில் சொன்னான்.

“நானும் அங்க இருந்தேன். ஒடம்பே சிலிர்த்துப்போச்சுக்கா.”

“சிலிர்க்கட்டும். செபம் பண்ண வந்தவங்க கண்ணாடிய இன்னாத்துக்கு ஒடைக்கிறாங்க?”

“அது... கோவம்.”

“ஆண்டவருக்கா, அவங்களுக்கா?”

பிரவீனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் பட்டையை நீட்டிய கையை அவன் மடக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து வந்தவன் முகம் வாடுமே என்று மேரிக்கும் இருந்தது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

ஊர்வலத்தில் கொடி முதலில் நிற்பது டீக்கடைப் பாண்டுரங்கன் வாசலில். நெற்றி நிறைய நாமத்தோடு அவர் ரோஜா மாலை போட்டு, கொடியைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் மேளம் தொடங்கும்.

“காலையிலியே மாலைக்குத் தண்ணி தெளிச்சி வெச்சிக்கினு ஒக்காந்திருக்காரு. இதப் படிச்சிட்டு, ‘நான் எங்கப்பா போறது’ன்னு கேட்டா நீ வந்து பதில் சொல்றியா?”

“ஐயோ, அவர யாரு சொன்னா? பாண்டு அண்ணன் நம்மாளு.”

“அப்ப யாரத்தான்டா சொல்லுது?”

அவன் யோசிப்பதற்குள் பட்டையை மடித்து அவன் சட்டைப்பையில் செருகினாள். “தெக்கமாட்டேன். ஆசையா இருந்தா வெடி வாங்கிக் கொளுத்து.”

கொடியை அவனுடைய இரண்டு கைகளிலும் கிடத்தினாள். கசங்காமல் பிடித்துக்கொண்டான்.

“டேய் பிரவீனு, முன்னோருன்னு அந்த ஆளு சொன்னாரே, அதுல வளவனூர்ல மல்லாட்டை வறுத்துப் பொட்டலம் கட்டி வித்த நம்ம தாத்தாவும் சேத்தியா?”

பிரவீன் கொடியைத் தலைக்கு மேலே தூக்கி, வாசல் நிலை இடிக்காமல் குனிந்து வெளியே போனான்.