எண்ணெய் மிதந்த நீச்சல்குளம்

மேலகரத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். அப்பா முன்னால், நான் பின்னால். இரண்டு பேர் தோளிலும் ஒரே கம்பு. நீளமான அலுமினியக் கம்பு. அதன் நுனியில், என் பக்கம், நீச்சல்குளத்தில் சருகு அள்ளும் வலை. குற்றாலத்து வீட்டை விற்றுச் சாவியைக் கொடுத்துவிட்டு வருகிறோம். சாமான்களோடு அம்மா குட்டியானை வண்டியில் முன்பே போய்விட்டாள். கம்பு வண்டிக்குள் அடங்கவில்லை. பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். அதனால்தான் நடை.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. அருவிக்குப் போகிற கார்களில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குப் பதினான்கு வயது. அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களை விட்டு நடந்திருக்கிறேன், பல இடங்களில் சம்பளம்கூட வாங்காமல். முதலில் விட்டு நடந்தது அந்த வீட்டைத்தான்.

எங்கள் வீட்டுக்குச் சீசன் என்றால் விருந்தாட்கள் என்று அர்த்தம். ஆனி பிறந்ததும் ராயகிரியிலிருந்தும் சிவகிரியிலிருந்தும் சொந்தக்காரர்கள் வருவார்கள். பின்வாசல் படியில் நல்லெண்ணெய்க் கிண்ணமும் சீயக்காய்த் தூளும் எப்போதும் இருக்கும். உச்சி முதல் பாதம் வரை தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போவார்கள். எண்ணெயை அருவி கொண்டுபோய்விடும். அது எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை.

விவசாயம் படுத்தபோது அப்பா அறைகளை வாடகைக்கு விட்டார். அதில் ஒரு சிக்கல் இருந்தது. அருவியில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போடுவார்கள். அறை எடுத்தவர்கள் பெட்டியைக் கட்டிவிடுவார்கள். தண்ணீர் வற்றினாலும் அப்படித்தான். பின்கட்டில் ஒரு நீச்சல்குளம் இருந்தால் இரண்டு கவலையும் தீரும் என்று ஒரு காண்டிராக்டர் வந்து சொன்னார்.

“போடுததுதான் செலவு அண்ணாச்சி. பொறவு என்ன இருக்கு? குத்தாலத்துல இருந்துக்கிட்டு தண்ணிக்கு யோசிக்கலாமா?”

அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. வடகரையில் அம்மாவுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த வயல் இருந்தது. அதை விற்றார்கள். அந்த வயல் போனால் சோற்றுக்கு அரிசி வாங்க வேண்டிவரும் என்று அம்மா ஒரே ஒரு தடவை சொன்னாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

மலையடிவாரத்து மண். இடுப்பளவு தோண்டியதும் பாறை. அதை உடைக்க மிஷின் வந்தது, வாரக்கணக்கில் உடைத்தது. வயலில் பாதி அந்தப் பாறைக்கே போயிற்று என்று அம்மா பின்னால் சொல்வாள். மிச்சம் நீல ஓடுகளுக்கும், மோட்டாருக்கும், தண்ணீரை மணல் வழியாகச் செலுத்திச் சுத்தம் செய்கிற பெரிய உருளைக்கும் போனது. கரண்டுக்கு வியாபார மீட்டர் வைத்தார்கள். கிணற்றிலிருந்து நாட்கணக்கில் இறைத்து நிரப்பினோம். நீலத் தண்ணீரைப் பார்த்தபோது எங்களை வெல்ல ஆளில்லை என்று நினைத்தேன்.

முதல் வெள்ளத்துக்கே கூட்டம் வந்தது. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களிடம் உடம்பைக் கொடுத்துவிட்டு, தடை போட்டதும், பளபளவென்று அப்படியே எங்கள் பின்கட்டுக்கு வந்தார்கள். தேய்க்காமல் வந்தவர்களுக்கு அப்பா குளத்துப் படியிலேயே எண்ணெய்க் கிண்ணம் வைத்திருந்தார். அது அந்த வீட்டு வழக்கம். சாயங்காலத்தில் தண்ணீர்மேல் வானவில் நிறங்கள் விரிந்து நெளியும். நான் வலை போட்டு அள்ளுவேன். சருகு வரும், பூச்சி வரும். எண்ணெய் மட்டும் வலைக்கண் வழியே நழுவிப் பழையபடி மிதக்கும்.

சில நாளில் மோட்டார் முனகத் தொடங்கியது. புனலூரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து உருளையைத் திறந்து, உள்ளே கைவிட்டு ஒரு பிடி அள்ளினார். கறுத்துப்போய், பிசுபிசுவென்று கையில் ஒட்டிக்கொண்டது.

“அண்ணாச்சி, இது மணல் இல்ல, அல்வா,” என்றார். “எண்ணெய் தேச்சவனை இறங்க விடாதீங்க. விட்டா மாசாமாசம் நான் வந்துக்கிட்டேதான் இருப்பேன்.”

“குத்தாலத்துக்கு வந்தவன்கிட்டப் போயி எண்ணெய் தேய்க்காதேன்னு எப்படிவே சொல்லுதது?” என்றார் அப்பா.

மெக்கானிக் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

மணலை மாற்றினோம். மறுபடியும் அடைத்தது. குளோரின் மூட்டை மூட்டையாக வந்தது, ஆசிட் கேனில் வந்தது. மோட்டார் எரிந்தபோது அம்மாவின் சங்கிலி போனது. ஆளே வராத ஐப்பசி, கார்த்திகையிலும் மோட்டார் ஓட வேண்டும், மருந்து போட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் பச்சையாகிவிடும். அருவி தன்னைத்தானே கழுவிக்கொள்ளும். எங்கள் குளம் மாட்டைப் போல, வேலை செய்யாத நாளிலும் தீனி கேட்டது. கடைசியில் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தார்கள்.

அன்றைக்கு அம்மா அப்பாவிடம் நேராகவே சொன்னாள்.

“நீங்க வாயத் தொறந்து சொல்லாண்டாம். எண்ணெய் தேச்சு வராதீகன்னு ஒரு போர்டு எழுதி வைங்க. போதும்.”

“வந்தவனை இறங்காதேன்னு போர்டு வைக்கச் சொல்லுதியா? இந்த வீட்டுலயா?”

“போர்டு இல்லன்னா வீடு இருக்காது.”

அப்பா போர்டு வைக்கவில்லை. அடுத்த சீசனில் தண்ணீர் கலங்கியே கிடந்தது. குளித்த பிள்ளைகளுக்கு அரிப்பு வந்ததென்று ஒருவர் சத்தம் போட்டார். அப்பா அறை வாடகையையும் திருப்பிக் கொடுத்து, அவர் காரில் ஒரு பலாப்பழமும் ஏற்றிவிட்டார். அதற்கடுத்த சீசன் தொடங்கும்போது தென்காசியில் சிமெண்ட் கடை வைத்திருந்த ஒருவர் வீட்டை வாங்கிக்கொண்டார்.

சாவியை வாங்கும்போது அவர் என்னைக் காட்டி, “பையனுக்கு இந்த மோட்டார், மருந்தெல்லாம் அத்துபடின்னாவ. அனுப்பி வைங்க அண்ணாச்சி, நான் பாத்துக்கிடுதேன்,” என்றார். அப்பா காதில் வாங்காதவர் போலப் பின்கட்டுக்குப் போனார். வலைக் கம்போடு திரும்பி வந்தார். அதை எதற்கு எடுக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. தோற்றவர் வெறுங்கையோடு போகக் கூடாதென்று எடுத்துக்கொண்டார் என நினைத்தேன். எனக்கும் அது பெருமையாகவே இருந்தது.

மேலகரத்தில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே அறை. கம்பு அதற்குள்ளும் அடங்கவில்லை. அப்பா அதை வெளிச்சுவரில் சாய்த்துவிட்டு, சாப்பிடாமல் படுத்தார்.

காலையில் அம்மா என்னை எழுப்பினாள். தினமும் தலைக்கு எண்ணெய் வைத்துத்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாள். அன்று வைக்கவில்லை. யூனிஃபார்மையும் எடுத்துத் தரவில்லை. “அந்த வலையக் கொண்டுபோயி அங்கனயே குடுத்துரு. அவுக சொல்லுத வேலையச் செய்யி,” என்றாள். அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தூங்கவில்லை, கால் விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. பள்ளிக்கூடம் இல்லை, மறுபடியும் நம் வீட்டுக்குப் போகிறோம் என்ற சந்தோஷத்தில் தனியாளாகக் கம்பைச் சுமந்துகொண்டு ஏறக்குறைய ஓடினேன்.

புது முதலாளி வலையை வாங்கி ஓரமாக வைத்தார். சுவரில் அதற்குள் போர்டு அடித்திருந்தது. நீ படியிலேயே நிற்க வேண்டும், எண்ணெய் தேய்த்து வருகிறவனை இறங்க விடக் கூடாது, அதுதான் உன் முதல் வேலை என்றார். சற்று நேரத்தில் தலையிலிருந்து எண்ணெய் வடிய ஒரு பெரியவர் வந்தார். நான் குறுக்கே கையை நீட்டினேன்.

“எண்ணெயோட இறங்கக் கூடாது அண்ணாச்சி.”

அவர் அப்படியே திரும்பிப் போனார். அவ்வளவுதான். இவ்வளவு லேசான காரியத்துக்கு அப்பா ஏன் ஒரு வீட்டையே கொடுத்தார் என்று யோசித்தபடி படியில் நின்றுகொண்டிருந்தேன்.