ஆறாவது வண்டி

டெரிக் ஹார்வுட் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை மற்றவர்களைக் கிளப்பி அனுப்புவதில் கழித்தவர். அவர் மட்டும் எங்கும் போனதில்லை. ஹாக்லி பிரையர் நகராட்சியில் அவருடைய வேலையே அதுதான். பூங்காவிலோ மைதானத்திலோ அனுமதி இல்லாமல் கேரவன்களோடு வந்து தங்கும் ரோமானி நாடோடிக் குடும்பங்களைப் போய்ப் பார்க்க வேண்டும். முதலில் நலம் விசாரிக்க வேண்டும், பிறகு வெளியேறச் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் ஒரே மூச்சில், ஒரே புன்னகையோடு செய்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. துரத்தப்பட்டவர்களே அவரைப் பார்த்துக் கையசைத்துவிட்டுத்தான் போவார்கள்.

அதற்கான நடைமுறையை எழுதியவரும் அவர்தான். நிலத்தில் நிற்பவர் யாராக இருந்தாலும் முகம் பார்த்துச் சலுகை கிடையாது, எல்லோரிடமும் எல்லாக் கேள்வியும் கேட்டாக வேண்டும் என்பது அதன் முதல் விதி. எழுதும்போது தன் முகத்தை அவர் நினைத்துப் பார்த்திருக்க நியாயமில்லை.

ஓய்வு பெற்றதும் காரின் பின்னால் மாட்டி இழுக்கும் ஒரு கேரவன் வாங்கினார். ஊர் சிரித்தது. மனைவி பெரில் சிரிக்கவில்லை.

“வீட்ல இருக்கிற நல்ல கக்கூசை விட்டுட்டு, ஒரு பெட்டிக்குள்ள கக்கூசை வச்சு ரோடு பூரா இழுத்துட்டுப் போறதுக்குப் பேரு லீவாக்கும்?” என்றாள். ஆனாலும் ஏறி உட்கார்ந்தாள்.

கடற்கரைக்கு என்று கிளம்பிய முதல் பயணம் ஊர் எல்லையைக்கூடத் தாண்டவில்லை. மேட்டில் ஏறும்போது காரின் கிளட்ச் கருகியது. புகை கக்கிக்கொண்டே வண்டி பின்பக்கமாகச் சரிந்தது. காய்கறிக் கண்காட்சிக்குப் பந்தல் போட வருகிறவர்களுக்காகத் திறந்து வைத்திருந்த மைதானக் கதவு வழியாக, கேரவன் முதலிலும் கார் பின்னாலுமாக உள்ளே போய் நின்றது. வேண்டுமென்றே ஓட்டியிருந்தால் அவ்வளவு நேராகப் போயிருக்காது.

உள்ளே ஏற்கெனவே பக்லண்ட் குடும்பம் இருந்தது. இரண்டு கேரவன், அவற்றை இழுக்க இரண்டு வண்டி. குடும்பத்தின் தலைவி ட்ரைஃபீனா அவரை ஒரே பார்வையில் அடையாளம் கண்டுகொண்டாள்.

“ஏலே நெல்சா, இங்க வந்து பாரு! கவுன்சில்காரரு குடிவந்துட்டாரு!”

அவள் மகன் நெல்சன் வந்து பார்த்தான். “நலம் விசாரிச்சியாம்மா?”

“இரு, இப்பத்தானே வந்து எறங்குறாரு.”

பக்லண்டுகள் ஆசைப்பட்டு அங்கே தங்கவில்லை. குதிரைச் சந்தைக்குப் போகிற வழியில் ட்ரைஃபீனாவின் மகள் லெவானாவுக்கு ஒரு மாதம் முந்தியே வலி எடுத்துவிட்டது. குழந்தை தெருக்கோடி ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. வெள்ளிக்கிழமை அனுப்பிவிடுவதாக டாக்டர் சொல்லியிருந்தார். அதுவரை நடந்து போய்வரும் தூரத்தில் ஓர் இடம் வேண்டும். வேறெதுவும் அவர்கள் கேட்கவில்லை.

பெரிலும் ட்ரைஃபீனாவும் ஐந்தே நிமிடத்தில் ஒட்டிக்கொண்டார்கள். புதுக் கேரவனைச் சுற்றிப் பார்க்க வந்த ட்ரைஃபீனா குளியலறைக் கதவைத் திறந்தவள் உள்ளே கக்கூசைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

“இது என்ன கண்ணு, தூங்குற எடத்துலயா?”

“அதைத்தான் நானும் கேக்குறேன்! இந்த மனுஷன் காதுல ஏறினாத்தானே.”

இது போதாதென்று, கை கழுவிய அதே சட்டியில் டெரிக் தேநீர்க் கோப்பையை அலசுவதையும் ட்ரைஃபீனா பார்த்துவிட்டாள். “சீ, வைய்யி அதை! கைக்கு ஒரு சட்டி, பாத்திரத்துக்கு ஒரு சட்டி. இதுகூடத் தெரியாமலா இத்தனை வருஷம் எங்க சுத்தபத்தத்தைப் பத்தி எழுதிட்டு இருந்தே?” அவளே இரண்டு சட்டிகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். டெரிக் அவற்றை வாங்கி வைத்துக்கொண்டார். உண்மையில் நிறையவே எழுதியிருந்தார்.

மாலையில் நாடின் வந்தாள். நகராட்சியில் டெரிக்கின் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். அவரே பழக்கிவிட்ட பெண். கூடவே போலீஸ் சார்ஜன்ட் காலின். கண்காட்சிக்கென்று காலின் ஒரு சுரைக்காய் வளர்த்து வைத்திருந்தார். ஒருவர் தனியாகத் தோளில் தூக்க முடியாத சுரைக்காய். மைதானம் காலியாகாவிட்டால் பந்தல் கிடையாது, பந்தல் இல்லாவிட்டால் பரிசு கிடையாது.

நாடின் முதலில் பக்லண்டுகளிடம் பேசினாள். குழந்தை விஷயம் கேட்டதும், நகராட்சி அவசரப்படாது என்று சொல்லிவிட்டாள். பிறகு டெரிக்கின் கதவைத் தட்டினாள்.

“சாரி டெரிக். உங்களையும் கேட்டாகணும்.”

“என்னையா? நான் பிரேக்டவுன் ஆகி நிக்கிறேம்மா.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க, நம்பாதேன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க? பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க இருக்காங்களா?”

“இல்லை.”

“கர்ப்பிணிகள் யாராவது?”

உள்ளேயிருந்து பெரிலின் குரல் வந்தது. “அந்த ஆளைப் பாத்தா அப்படியா தெரியுது, நாடின்?”

இதற்கிடையில் காலின் விரலை நீட்டி நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்துகொண்டே போனது. யாரும் எதையும் உடைக்காமல், யாரையும் மிரட்டாமல் இருக்கும்வரை, நிலத்தில் ஆறு வண்டியாவது நின்றால்தான் போலீஸ் அங்கேயே ‘கிளம்பு’ என்று உத்தரவு போடலாம். குறைந்தால் நகராட்சி நீதிமன்றம் போய் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதுதான். கேரவனும் ஒரு வண்டி, அதை இழுக்கும் காரும் ஒரு வண்டி.

“நாலும் ரெண்டும் ஆறு!” என்றார் காலின். “ரொம்ப தேங்க்ஸ் டெரிக். நாளைக்குக் காலையில எல்லாரும் கிளம்பணும். இதோ ஸ்டேஷன்ல சொல்லி ஆர்டர் போட்டுர்றேன்.”

ட்ரைஃபீனா ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். டெரிக்குக்கு அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

“நான் இவங்களோட சேர்ந்தவன் இல்லையே காலின்! சேர்ந்து தங்கணும்கிற நோக்கம் இருக்கணும், சட்டத்துல இருக்கு!”

காலின் திரும்பிப் பார்த்தார். பெரில், பக்லண்டுகளின் அடுப்படியில் உட்கார்ந்து, அவர்கள் கோப்பையில் தேநீர் குடித்தபடி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

“இதைவிட எப்படிச் சேர்றது?” என்றார் காலின்.

டெரிக் தன் காரையும் மைதானக் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மனைவியிடம் போய், உண்மையை மட்டுமே சொன்னார்: “மெக்கானிக் வண்டி இந்தப் புல்லுல ஏறாது பெரில். காரை மட்டும் கழட்டி ரோட்டுக்குக் கொண்டு போனாத் தேவலை.”

பெரில் அவர் முகத்தைப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்ததற்கு அந்த அளவு புரிந்தால் போதும்.

“காலின் தம்பி!” என்று குரல் கொடுத்தாள். “வயசான காலத்துல இவரு தனியாத் தள்ளுறாருப்பா. ஒரு கை கொடேன்.”

காலின் நன்றாக வளர்க்கப்பட்டவர். நின்றுபோன காரையும் முதியவரையும் பார்த்தால் அவர் கை தானாகவே போகும். தொப்பியைக் கழற்றிக் காரின் மேல் வைத்துவிட்டுத் தோள் கொடுத்தார். ஒருபக்கம் நெல்சன், ஒருபக்கம் அரசாங்கம். டெரிக் மரண வீட்டுக்குப் போகிறவர் முகத்தோடு ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தார்.

“இன்னும் கொஞ்சம்! தள்ளுங்க, தள்ளுங்க!” என்று ட்ரைஃபீனா ஊக்கப்படுத்தினாள்.

கார் மைதானக் கதவைத் தாண்டிச் சாலையோரம் போய் நின்றது. காலின் வேர்வையைத் துடைத்துக்கொண்டு தொப்பியை எடுத்து மாட்டினார்.

“நிலத்துல எத்தனை வண்டின்னு எழுதிக்கட்டும்?” என்று கேட்டாள் நாடின், மிகவும் மரியாதையாக.

காலின் எண்ணினார். மறுபடியும் எண்ணினார். ஐந்துக்கு மேல் விரல் நகரவில்லை.

“டெரிக்! அதைத் திருப்பி உள்ள தள்ளு!”

“தள்ளலாமே. ஆனா போலீஸ் சொல்லி உள்ள வந்த வண்டியை அத்துமீறல்னு எப்படிப்பா எழுதுவே?”

நாடினுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

சனிக்கிழமைக் கண்காட்சியை ஊர் மண்டபத்துக்கு மாற்றிவிட்டார்கள். காலினின் சுரைக்காய் அந்த மண்டபத்துக் கதவு வழியாக நுழையவில்லை. அதற்கு அவர் இன்றுவரை டெரிக்கைத்தான் குற்றம் சொல்கிறார்.

வெள்ளிக்கிழமை மதியம் லெவானா கைக்குழந்தையோடு நடந்தே வந்தாள். ட்ரைஃபீனா யாருக்கும் காட்டுவதற்கு முன் குழந்தையைக் கொண்டுவந்து டெரிக் கையில் கொடுத்தாள். அவரோ தலையைப் பிடிக்கத் தெரியாமல் பதறினார். “உனக்கு எதுதான்யா தெரியும்?” என்று பிடுங்கிக்கொண்டாள். அன்று மாலையே பக்லண்டுகள் புல்லைச் சீவிவிட்டது போலத் துப்புரவாக இடத்தை விட்டுப் போனார்கள்.

மைதானத்தில் மிஞ்சியது ஒரே ஒரு கேரவன். கிளட்ச் இன்னும் வந்து சேரவில்லை.

நாடின் வெளியேறும் உத்தரவை எடுத்துக்கொண்டு வந்தாள். அவளால் முகத்தை நேராக வைத்துக்கொள்ள முடியவில்லை. டெரிக் கண்ணாடியை மாட்டி, நிதானமாக, மேலிருந்து கீழ்வரை படித்தார்.

“மைதானத்தோட எல்லையே இதுல இல்லையேம்மா. கோர்ட்ல நிக்காது. திருத்தி எடுத்துட்டு திங்கக்கிழமை வா.”

“இன்னும் ரெண்டு நாள் சேர்த்து வாங்கிக்கங்க, புதன்கிழமைதான் இந்த மைதானத்துல பந்து விளையாட்டு, பாத்துட்டே போலாம்” என்றாள் பெரில், இரண்டாவது சட்டியில் கோப்பைகளை அலசியபடி.